பின்னால் வருபவன்

ஆன்மா தன் வழியைத் தனியே கடந்து கரையேற வேண்டுமா, அன்றி அடியார் கூட்டத்தோடு சேர்ந்தே கடக்க வேண்டுமா என்னும் வினா நம் சமய விசாரத்தில் மிகப் பழையது. ஒருவன் செய்த வினையை மற்றொருவன் அநுபவிக்க இயலாது. ஒருவன் பசிக்கு மற்றொருவன் உண்ண இயலாது. ஆகவே மோட்ச சாதனத்தில் சிநேகிதருக்கு என்ன இடம் என்று கேட்பவரின் வாதத்தில் பலம் உண்டு. இளமையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தளர்ந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் சைக்கிளில் வந்த ஒரு பிரயாணத்தில், அலவத்துகொடைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையின் வாசலில் நின்ற ஒரு மணி நேரத்தில். நூல்கள் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியதும் அதன் பின்னரே.

யாழ்ப்பாணத்தில் நான் நாள்தோறும் கடந்து சென்ற பெருவீதிக்குக் கண்டி வீதி என்று பெயர். ஏறத்தாழ 320 கிலோமீற்றருக்கு அப்பால், கடல்மட்டத்துக்கு 500 மீற்றர் அளவு உயரத்தில், மலைகளின் மடியில் இருக்கும் நகரத்தின் பெயரை எங்கள் சமவெளித் தெரு சுமந்துகொண்டிருந்தது. யுத்த காலத்தில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்த அந்த வீதி திறந்த பின்னர், ஒரு மாசி மாதத்தில், பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்த ஐவர் புறப்பட்டோம். வழியில் சமைத்து உண்பதாக ஏற்பாடு. சோற்றுப் பானை என் வண்டியின் கரியரில். பம்பும் ஒட்டுப்போடும் சாமான்களும் ஒருவனிடம். தண்ணீரும் பாயும் வேறிருவரிடம். அரிசியும் பருப்பும், எங்களுள் உடல் கனத்தவனும் முழங்காலில் பழைய நோவுடையவனுமான ஐந்தாமவனிடம்.

ஆனையிறவில் உப்புக்காற்று எதிர்த்து வீசியபோது ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓட்டினோம். முன்னே செல்பவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவன் முதுகின் மறைவில் வருபவனுக்குப் பெடல் இலேசாகிவிடும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை முன்னவன் விலகிப் பின்னே வர, அடுத்தவன் அந்தப் பாரத்தை ஏற்பான். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று வன்னிநிலம் முழுவதையும் அவ்வாறே கடந்தோம். ஆனால் தம்புள்ளை கழிந்து நிலம் உயரத் தொடங்கியதும் அந்த உபகாரம் நின்றுபோயிற்று. ஏற்றத்தில் வேகம் குறைய, காற்றின் தடையும் குறைந்து, தன் உடம்பின் கனமும் தன் மூட்டையின் கனமுமே எதிரியாகி விடுகின்றன. அவற்றை எவனும் எவனுக்காகவும் மிதிக்க முடியாது. வினைக்கொள்கையின் கடுமையை அன்று என் கால்கள் உணர்ந்தன.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில், மாசி மகத்தன்று ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வீதிவலம் வரும் திருவிழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வணங்கிவிட்டு, மிளகும் சாதிக்காயும் மணக்கும் தோட்டங்களைக் கடந்து, அலவத்துகொடைப் பக்கமாக ஏறும் வளைவுகளில் புகுந்தோம். முதல் வளைவிலேயே ஐந்தாமவன் இறங்கி, "மச்சான், நீங்கள் போங்கோ, நான் மெல்ல மெல்ல வாறன்" என்றான். அந்தச் சொல்லை நான் அனுமதியாகக் கொண்டேன். அதன் உள்ளே இருந்த கூச்சத்தை நான் கேட்கவில்லை, கேட்க விரும்பவுமில்லை. என் கால்களில் வலு இருந்தது, மலை அழைத்தது, திரும்பிப் பாராமல் ஏறிப் போனேன்.

ஏற்றத்தின் மேலே, தகரக் கூரையிட்ட தேநீர்க் கடையில் ஒரு சிங்கள மூதாட்டி இருந்தார். ஒரு பிளேன்ரீ கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கரியரில் கட்டியிருந்த, கரி படிந்த பெரிய பானையைப் பார்த்தார். தமக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில், "எத்தனை பேருக்குச் சோறு?" என்று கேட்டார். ஐந்து பேருக்கு என்றேன். அவர் எட்டி, நான் வந்த வழியைப் பார்த்தார். அதன்பின் ஒன்றும் கேளாமல், ஐந்து கிளாசுகளைக் கழுவிப் பலகையில் வரிசையாக வைத்து, ஒன்றில் மாத்திரம் சாயம் வார்த்து, பனங்கட்டித் துண்டொன்றுடன் என் முன்னே நகர்த்தினார். வெறுமையாயிருந்த மற்ற நான்கு கிளாசுகளுக்கு எதிரே அதைக் குடிக்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து வீதியோரத்தில் நின்றேன்.

மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். ஐந்தாமவன் வரவில்லை. வெகுநேரம் சென்றபின், கீழே தூரத்தில் ஒரு வளைவில் அவன் தலை தெரிந்தது, மரங்களுக்குள் மறைந்தது, அடுத்த வளைவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவனாகத் தெரிந்து மீண்டும் மறைந்தது. தெரிந்த கணங்களிலும் பார்க்க, மறைந்த கணங்களிலேயே என் மனம் முழுவதும் அவனிடம் இருந்தது.

அப்போதுதான் அந்த வீதியின் பழைய யாத்திரிகர்கள் நினைவுக்கு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஏழை ஜனங்கள், கங்காணிமாரின் பின்னே, காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் அநேகர். விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நின்றதில்லை. நிற்பதற்கு அவர்களுக்கு அதிகாரமும் இருந்ததில்லை. கூடவே வந்தவனைக் காட்டில் விட்டு நடந்தவர்களின் நெஞ்சு எவ்வளவு கனத்திருக்கும்! அவர்களுக்கு மறுக்கப்பட்ட சுதந்திரம் எனக்கு வாய்த்திருந்தும், ஒரு நிர்ப்பந்தமும் இல்லாமல், என் கால்களின் உல்லாசத்துக்காகவே நான் என் தோழனை விட்டு வந்திருந்தேன்.

சேக்கிழார் சுவாமிகள் திருத்தொண்டர் புராணத்தை முடிக்குமிடத்தில் இரு தோழர்களின் பிரயாணம் ஒன்று வருகிறது. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானையில் கயிலைக்குச் செல்ல, அதனை உணர்ந்த சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, விண்ணில் எழுந்து அவரோடு சேர்ந்துகொள்கிறார். குதிரை சேரமானுடையது; ஓதிய மந்திரமும் அவருடையது; ஏறியதும் அவரே. ஆயினும் கயிலை வாயிலில் அவர் தடுக்கப்படுகிறார். அவருக்கு அழைப்பு இல்லை. உள்ளே சென்ற சுந்தரர், இறைவனைக் கண்ட ஆனந்தத்தில் வாயிலில் நிற்பவரை மறந்துவிடவில்லை. விண்ணப்பம் செய்து தோழரை உள்ளே வருவிக்கிறார். ஏறுவது அவரவர் பிரயத்தனம். ஆனால் முன்னே சென்றவன் பின்னே நிற்பவனை நினைத்தாலன்றிக் கயிலையிலும் பிரயாணம் நிறைவதில்லை என்பதே இதன் கருத்தாக எனக்குப் படுகிறது.

மெய்கண்டாரும் இதற்கு அரண் செய்கிறார். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் இறுதிச் சூத்திரமே, அன்பரோடு கூடியிருத்தலையும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் விதிப்பது. வழி தெரியாதவனுக்கு ஊன்றுகோலாகவே கூட்டம் வேண்டுமென்றால், அவ்விதி தொடக்கத்தில் இருந்திருக்கும். பயன் பெற்றுவிட்ட சீவன்முத்தனுக்குரிய இடத்தில் ஆசிரியர் அதை வைத்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. கண்டி மாநகரில் தலதா மாளிகையை வணங்கும் பௌத்தர்களின் ஆகமத்திலும் இதற்கு இசைவான சம்பாஷணை ஒன்று உண்டு. நல்ல சிநேகம் அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூற, பகவான் அவரைத் திருத்தி, பாதியன்று, முழுவதும் அதுவே என்று அருளினார் என்பர்.

ஆயினும், பரிபக்குவம் அடைந்தவன் பிறருக்காகத் தாமதித்தல் தகுமா என்று ஒருவர் வினவலாம். இறைவனுடைய ஐந்தொழிலை நினைத்தால் இந்தச் சந்தேகம் நீங்கும். படைத்தல், காத்தல், அழித்தல் என்பவற்றோடு மறைத்தலையும் அருளலையும் சேர்த்து எண்ணுகிறது சைவ சித்தாந்தம். ஆன்மா தன் வினையைத் தானே நுகர்ந்து தீர்த்து, மலபரிபாகம் எய்தும் வரை, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உடன் நிற்கிறான். அம்மறைப்பும் அருளே என்பது ஆசிரியர்களின் துணிபு. அவன் நமக்காக வினையைச் சுமப்பதில்லை. விட்டுப் போவதும் இல்லை. எத்தனையோ பிறவிகளாக, வளைவுக்கு வளைவு மறைந்தும் தெரிந்தும் ஏறிவரும் நம்மை நோக்கி, மேலே ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்றால், காத்திருத்தலைத் தாமதம் என்று எப்படிச் சொல்வது? அருளின் இயல்பே அதுதான். மனிதன் ஒருவனுக்காக மனிதன் ஒருவன் வீதியோரத்தில் நிற்கும்போது, அந்த இயல்பில் ஓர் அணுவேனும் அவனிடம் வந்து சேர்கிறது.

ஐந்தாமவன் வந்து சேர்ந்தான். முகம் சிவந்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எனக்காக நிண்டனீங்களோ?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. முதலில் நில்லாமல் போனவன் என்பதால், நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூதாட்டி எல்லாக் கிளாசுகளிலும் சாயம் வார்த்தார். ஆறிப்போன என்னுடையதைக் கொட்டிவிட்டு அதிலும் புதிதாக வார்த்தார்.

அங்கிருந்து அவனை முன்னே விட்டு, அவன் வேகமே எங்கள் வேகமாக ஓட்டினோம். அக்குறணை கடந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கண்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நகரத்துக்குள் புகுந்து, கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டு, எங்களுக்கு இடம் தந்த அன்பர் ஒருவரின் முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். நான் பானையை இறக்கி வைத்தேன். அவன் தன் கரியரிலிருந்து மூட்டையை அவிழ்த்து, ஐந்து பேருக்கும் அளந்து அரிசி இட்டான்.