செண்பகப் பெருமாளின் உரிமை

மதுரங்குளி இருக்கும் இலங்கையின் மேற்குக் கரை, பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை அரசின் ஆணைக்குள் இருந்தது. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு முன்னேச்சரம் கோயிலுக்கு அளித்த நிலக்கொடையைச் சொல்லும் கல்வெட்டு, தெற்கே சிலாபத்தருகில் அக்கோயிலிலேயே உள்ளது. அரை நூற்றாண்டு ஆண்ட அம்மன்னன் 1467இல் இறந்தபோது அரியணைக்கு இருவர் உரிமை கோரினர்.

ஒருவன் மகள்வழிப் பேரன் ஜயபாகு. இளவரசி உலகுடைய தேவிக்கு ஆண் மகவு வேண்டி, களனி விபீஷணனிடம் பறவையைத் தூதனுப்பி ஸ்ரீ ராகுல தேரர் பாடியதுதான் செலலிஹிணி சந்தேசய. நாடே வேண்டிக் காத்திருந்த வாரிசு அவன். மற்றவன் வளர்ப்பு மகன் சபுமல் குமாரயா. தமிழருக்குச் செண்பகப் பெருமாள். 1450இல் யாழ்ப்பாணத்தை வென்று கொடுத்தவன் அவனே. மன்னன் பேரனையே தேர்ந்தான். செண்பகப் பெருமாள் வடக்கிலிருந்து படையோடு வந்து, ஜயபாகுவைக் கொன்று, ஆறாம் புவனேகபாகு என முடிசூடினான்.

அவன் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. போருக்கு அனுப்பும்போது மகன், முடி கொடுக்கும்போது அயலான் என்றால் எந்த நெஞ்சு பொறுக்கும்? முதல் பிழை முதிய மன்னருடையதே. அத்தனை நீண்ட ஆட்சியில், வளர்த்தவனுக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்பதை அவர் தெளிவாக்கியிருக்க வேண்டும்.

ஆனால் மனக்குறை வேறு, கொலைக்கான உரிமை வேறு. உழைப்புக்குக் கூலி கேட்கலாம். தாத்தா தந்த முடியை ஏற்றதைத் தவிர இந்த வழக்கில் வேறொன்றும் செய்யாத பேரனின் உயிரை அந்தக் கூலியாக எடுக்க முடியாது. தகுதி என்று காட்டப்படும் அந்த யாழ்ப்பாண வெற்றியும் அங்கே ஆண்ட கனகசூரிய சிங்கையாரியனின் அரசைப் பறித்துப் பெற்றதுதான். கோட்டையின் இருவரைப் பற்றியே பேசுவோர் இந்த மூன்றாமவனின் உரிமையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. செண்பகப் பெருமாள் தெற்கே முடிக்காகப் போன காலத்தில் கனகசூரியன் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தை மீட்டுக்கொண்டான். தெற்கிலும் அமைதி இல்லை. புதிய மன்னனுக்கு எதிராகச் சிங்களக் கிளர்ச்சி வெடித்தது.

வாளால் வந்த உரிமை மகனுக்கும் நிலைக்கவில்லை. செண்பகப் பெருமாளுக்குப் பின் அரசேறிய அம்மகன் பண்டித பராக்கிரமபாகுவைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவன், செண்பகப் பெருமாளோடு அதே அரண்மனையில் வளர்ந்த தம்பி அம்புலுகல குமாரயா. அண்ணன் செய்ததையே தம்பியும் செய்தான். அண்ணனின் செயலை நியாயம் என்போர் தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் கொலைகளே.