புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்வி

பிழைப்பிற்காக ஊர் பெயர்வது மனித குலத்தின் பழைய வழக்கம். ஆனால், போவதா இருப்பதா என்ற தீர்மானத்தின் முன் நிற்கும் மனிதன் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறான்? ஊரையா, ஊதியத்தையா, அல்லது தன் கடமைகளின் வரிசையையா?

புனே நகரில் பணிபுரியும் பொறியாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவி பள்ளி ஆசிரியை. மகளுக்குப் பதினோரு வயது. தந்தை காலமான பின் தாய் அவர்களுடனேயே வசிக்கிறார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பியோரியா என்ற நகரில் அவருக்கு வேலை கிடைக்கிறது. சிகாகோவிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 265 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில் அமைந்த நடுத்தர நகரம் அது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,13,000. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. நீண்ட, பனி உறையும் குளிர்காலம். நியூயார்க், கலிபோர்னியா என்று கேட்டுப் பழகிய குடும்பத்திற்கு இந்த ஊரின் பெயரே புதிது. பதினைந்து நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடமையின் வேடம்

இத்தகைய வேளையில் மனம் ஒரு தராசை எடுத்துக்கொள்கிறது. ஒரு தட்டில் ஊதியம், வீட்டுக் கடன், மகளின் எதிர்காலம். மறு தட்டில் தாயின் முதுமை, மனைவியின் வேலை, உறவுகள். நிறுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் தராசைப் பிடித்திருக்கும் கை நடுநிலையானதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நலம் தருவது வேறு, இனிமையாகத் தோன்றுவது வேறு என்று கடோபநிஷதம் பிரித்துக் காட்டுகிறது. இரண்டும் மனிதனிடம் வருகின்றன. ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது அவன் பொறுப்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு. இனியது ஒருபோதும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடமையின் ஆடையை உடுத்தியே வருகிறது.

“மகளின் கல்விக்காகத்தான் போகிறேன்” என்கிறார் பொறியாளர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மகளிடம் யாரேனும் கேட்டார்களா? சக ஊழியர்கள் சென்றுவிட்டார்கள், தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற ஏக்கம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கவில்லையா? புதிய பணி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. வாய்ப்பு அரிதாகும்போது அதன் மீதுள்ள ஆசை பன்மடங்கு பெருகுகிறது. கிடைத்தற்கு அரியது என்பதாலேயே ஒரு பொருள் நமக்குத் தேவையானதாகிவிடுமா?

மறுப்பவரும் இந்தச் சோதனைக்குத் தப்ப முடியாது. “தாய்க்காக வாய்ப்பைத் துறந்தேன்” என்று சொல்லும் ஒருவருள், அறியாத ஊரில் தோற்றுவிடுவோமோ என்ற அச்சம் இருக்கக்கூடும். அச்சமும் கடமையின் வேடம் புனைய வல்லது. அத்துடன், அவ்வாறு துறந்தவர் பின்னாளில் ஒவ்வொரு மனக்கசப்பின்போதும் அந்தத் தியாகத்தை நினைவூட்டுவாரானால், தாய் தன் வாழ்நாள் முழுவதும் தீர்க்க இயலாத ஒரு கடனைச் சுமக்க நேரிடும். அது தியாகமாகாது, தாயின் பெயரில் எழுதப்பட்ட கடன் பத்திரமே ஆகும்.

விலை கொடுப்பவர் யார்?

எனவே தராசை எடுப்பதற்கு முன், இத்தீர்மானத்தின் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று தெளிவாக அறிவது அறம்.

எச்-1பி விசாவில் செல்பவர் முதலில் மூன்று ஆண்டுகளும், பொதுவாக அதிக அளவாக ஆறு ஆண்டுகளும் பணியாற்றலாம். வேலை போனால், வேறு வழி தேட 60 நாட்கள் வரையே அவகாசம். நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு ஒவ்வொரு நாட்டிற்கும் உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. உடன் செல்லும் மனைவி உடனே வேலைக்குப் போக முடியாது; கணவரின் நிரந்தரக் குடியேற்ற மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டிய பின்னரே அனுமதி கோரலாம் என்று 2015-இல் விதி செய்யப்பட்டது. அதுவரை, வகுப்பறையில் நாற்பது குழந்தைகளின் அன்பைப் பெற்றிருந்த ஆசிரியை, பனி சூழ்ந்த வீட்டிற்குள் பகலைக் கழிக்க வேண்டும். மகள் 21 வயதை அடையும்போது, பெற்றோரைச் சார்ந்து பெற்ற உரிமையை இழக்கும் நிலையும் வரலாம்.

தாயின் நிலை என்ன? அந்த விசாவில் பெற்றோரை உடன் அழைத்துச் சென்று குடியமர்த்த வழியில்லை. பார்வையாளராக வந்தால் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். மற்ற மாதங்களில் தொலைபேசியே துணை. இந்தியாவில் இரவு 9 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை 9.30. மகன் அலுவலகத்தில் இருக்கும் நேரம் அது. முதியோர் பராமரிப்பிற்காக 2007-இல் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளைகளிடமிருந்து மாதத் தொகை பெற்றுத் தர அச்சட்டத்தால் இயலும். மாலை வேளையில் அருகில் அமர்ந்து, “இன்று முழங்கால் வலி எப்படி இருக்கிறது?” என்று கேட்கும் ஒரு குரலைப் பெற்றுத் தர எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் ஒருவர் செல்லலாம், அதில் தவறில்லை. விலையை மறைத்து, அதைக் கொடுக்கப் போகிறவர்களைக் கேட்காமல், “எல்லாம் உங்களுக்காகத்தான்” என்று சொல்லிச் செல்வதுதான் தவறு.

தாய் கேட்ட கேள்வி

ஒன்பதாம் நாள் இரவு அந்தப் பொறியாளர் தாயிடம் அமர்ந்து எல்லாவற்றையும் விவரிக்கிறார். ஊதியம், வீட்டு வாடகை, குளிர், பள்ளி, அங்குள்ள கோயில் என அனைத்தையும் சொல்கிறார். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி அப்பா. அங்கே போய் நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறார்.

மகன் திகைத்துப் போகிறார். இத்தனை நாட்களில் பணியின் பெயரைச் சொன்னாரே தவிர, பணியைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை, தன்னிடம்கூட.

அதே பியோரியாவுக்கு 1941-இல் ஒருவர் வந்தார். ஆக்ஸ்போர்டில் பெனிசிலின் ஆய்வில் ஈடுபட்டிருந்த நார்மன் ஹீட்லி அவர். போர்க்கால இங்கிலாந்தில் அம்மருந்தைப் பேரளவில் தயாரிக்க வழியில்லை. அந்த ஆண்டு ஜூலையில் ஹோவர்ட் ஃப்ளோரியுடன் அமெரிக்கா வந்த அவர், பியோரியாவிலிருந்த வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். மக்காச்சோளத்திலிருந்து மாவுப்பொருளைப் பிரிக்கும்போது மிஞ்சும் கழிவு நீரில் அப்பூஞ்சையை வளர்த்தால் மருந்தின் விளைச்சல் பன்மடங்கு கூடுவது அந்த ஆய்வகத்தில் தெரியவந்தது. பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்களைக் காத்த பேரளவு உற்பத்திக்கு அது ஒரு முக்கியப் படியாயிற்று. 1945-இல் பெனிசிலினுக்கான நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. ஹீட்லியின் பெயர் அதில் இல்லை. ஆனால் செய்த வேலை நின்றது.

ஊர் என்ன தரும் என்று பார்த்தால் சோளக் கொல்லைகள் சூழ்ந்த அந்நகரில் அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தன் பணிக்கு அந்த ஊர் தேவைப்பட்டது, ஆகவே சென்றார்.

இதே நகருக்கு இன்னொரு பாடமும் உண்டு. கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்திற்குப் பல பத்தாண்டுகள் பியோரியாவே தலைமையிடம். ஊரும் நிறுவனமும் ஒன்றையொன்று பிரியாது என்றே கருதப்பட்டது. 2017-இல் தலைமையகத்தைச் சிகாகோ அருகே மாற்றப் போவதாக அது அறிவித்தது. 2022-இல் டெக்சாஸ் மாநிலத்திற்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆலைகள் இன்றும் அங்கே இயங்குகின்றன. ஆனால் தலைமையிடம் போய்விட்டது. அந்நிறுவனத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நிலையானது என்று நம்பி மனிதன் சாய்ந்துகொள்ளும் சுவர்களும் இடம் பெயர்கின்றன என்பதே செய்தி. ஊதியத்தை மட்டும் நம்பிச் சென்றவருக்கு அது போனால் எல்லாம் போகிறது. பணியின் பயனை உணர்ந்து சென்றவருக்குக் கற்றதும் செய்ததும் எஞ்சுகின்றன.

தீர்மானித்த பின்

ஆதலால் புறப்பட எண்ணுபவர் மனைவியிடமும் தாயிடமும் தனித்தனியே, மறுத்துச் சொல்ல இடம் தந்து கேட்பாராக. செய்யப் போகும் பணி யாருக்குப் பயன்படும், எத்தனை ஆண்டுகள், எந்த நிலையில் திரும்புவது என்பதை எழுதி வைப்பாராக. “ஐந்தாண்டுகள்தான்” என்ற வாய்மொழி இருபதாண்டுகளாக நீண்ட இல்லங்கள் பல. இருக்கத் தீர்மானிப்பவரும் தாம் இருப்பதன் பயன் என்ன என்று அவ்வாறே தெளிவாராக. வீட்டிலேயே இருந்தும் தாயுடன் பேச நேரமில்லாதவருக்குப் புனேயும் பியோரியாவும் ஒரே தொலைவுதான்.

தீர்மானித்த பின் மனம் இரண்டாகப் பிரியலாகாது. அங்கே இருந்துகொண்டு இங்கே ஏங்குபவரும், இங்கே இருந்துகொண்டு அங்கே ஏங்குபவரும் இரண்டு ஊர்களிலும் வாழ்வதில்லை.

அன்றிரவு அந்தப் பொறியாளர் தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்லவில்லை. எழுந்து சென்று நியமனக் கடிதத்தை மீண்டும் எடுத்தார். இம்முறை ஊதியம் குறித்த பக்கத்தைத் தள்ளிவிட்டு, பணி குறித்த பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.