விற்பவனின் சொல்: மதுக்கடையில் எழும் ஓர் அறவியல் வினா

ஒரு பொருளை விற்பது வேறு. அதனைச் சிபாரிசு செய்வது வேறு. கேட்டதை எடுத்துக்கொடுத்து விலையைப் பெற்றுக்கொள்ளும் வணிகன் பொருளுக்கு மாத்திரமே பொறுப்பாளியாகின்றான். "இதனை வாங்கிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்" என்று கூறுபவனோ பொருளோடு தன் சொல்லையும் சேர்த்து விற்கின்றான். அச்சொல்லுக்கு அவன் எவ்வளவு தூரம் கடமைப்பட்டவன் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு மேலைநாட்டு மதுக்கடை மிகப் பொருத்தமான களமாகும். துணியைத் தொட்டுப் பார்க்கலாம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். முத்திரையிட்ட போத்தலினுள் இருக்கும் வைனையோ விஸ்கியையோ திறக்கும்வரை அறியமுடியாது. திறந்தபின் சுவை பிடிக்கவில்லையென்று திருப்பிக் கொடுப்பதும் எளிதன்று. தட்டுகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக நிற்கையில், வாங்குபவன் கடைக்காரனின் நாவையே நம்பவேண்டியவனாகின்றான். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவரின் மரபில் வந்த நாம், மதுவைச் சிபாரிசு செய்வதில் அறம் என ஒன்றும் உண்டோ எனக் கேட்கக்கூடும். அத்தடை இலேசானதன்று, அதனைப் பின்னர் நோக்குவோம்.

இவ்வினா பழமை வாய்ந்தது. உரோம அறிஞரான சிசெரோ கி.மு. 44 இல் எழுதிய 'கடமைகள் பற்றி' என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில், கெட்டுப்போகத் தொடங்கிய வைனை அறிந்துகொண்டே விற்பவன் அக்குறையை வாங்குபவனுக்குச் சொல்லவேண்டுமா என்ற பிரச்சினையைக் குறிப்பிடுகின்றார். ஸ்தோயிக்க மெய்யியலாளரான பபிலோனிய தயோசெனிசு, சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்றார். அவருடைய மாணாக்கரான அந்திப்பேட்டர், நல்லோன் சொல்லியே ஆகவேண்டும் என்றார். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்பது தயோசெனிசின் தரப்பு வாதம். மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தின் உறுப்பினர். ஒருவனின் அறியாமையை மற்றவன் தன் இலாபத்துக்குக் கருவியாக்கலாகாது என்பது அந்திப்பேட்டரின் நிலைப்பாடு.

தயோசெனிசின் வாதத்தை ஒரு கணம் ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டாலும், அது மௌனமாக இருக்கும் வணிகனுக்கே அரணாகும். சிபாரிசு செய்பவன் மௌனத்தைக் கலைத்துவிட்டான். "இது நல்லது" என்று அவன் கூறும்போது ஒரு தகவலோடு ஒரு காரணத்தையும் சேர்த்தே வழங்குகின்றான். "உங்கள் நன்மையை எண்ணியே இதனைச் சொல்கின்றேன்" என்பதே சொல்லப்படாத அக்காரணம். உண்மைக் காரணம் அப்போத்தலில் கிடைக்கும் அதிக இலாபமோ, நெடுநாள் விற்பனையாகாது கிடக்கும் சரக்கோ ஆயின், அவன் கூறிய சொற்கள் ஒவ்வொன்றும் உண்மையாயினும் அவன் கூற்று முழுமையாக நோக்குமிடத்துப் பொய்யாகின்றது. சிபாரிசின் அறம் இவ்விடத்திலேதான் விற்பனையின் அறத்தினின்றும் பிரிகின்றது எனலாம்.

சுவை ஆளுக்காள் வேறுபடுவதால் சிபாரிசில் உண்மை, பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை எனச் சிலர் வாதிடுவர். டேவிட் ஹியூம் 1757 இல் வெளியிட்ட, சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில் இதற்கு விடையுண்டு. டொன் கிஹோத்தே நவீனத்திலிருந்து அவர் எடுத்தாளும் கதையில், ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோலின் வாடை இருப்பதாகவும் மற்றவர் இரும்பின் சுவை இருப்பதாகவும் கூறுகின்றனர். கேட்டவர்கள் நகைக்கின்றனர். பீப்பாயை வெறிதாக்கியபோது அடியிலே தோல்வார் கட்டிய பழைய திறவுகோல் ஒன்று காணப்படுகின்றது. ஆகவே தேர்ந்த நா கண்டறிவது வெறுங்கற்பனையன்று.

ஆயினும் பீப்பாயை அறிந்தவன் வாங்குபவனையும் அறிந்தவனாகான். பிரான்சின் யூரா மாவட்டத்தில் ஆக்கப்படும் 'வன் ஜோன்' என்னும் மஞ்சள் வைன், பீப்பாயில் குறையும் அளவை நிரப்பாமலே, மேற்பரப்பிற் படரும் நொதியப் படலத்தின்கீழ் ஆறாண்டு மூன்று மாதங்களுக்குக் குறையாது முதிர்விக்கப்படுவது. ஸ்கொத்துலாந்தின் ஐலா தீவு விஸ்கிகள் பல, 'பீட்' என்னும் சதுப்புநிலக் கரியின் புகையேற்ற முளைப்பார்லியிலிருந்து வடிக்கப்படுபவை. ஆயிரம் வகைகளைச் சுவைத்துச் சலித்த கடைக்காரனுக்கு இவை சுவாரசியமானவை. மகளின் திருமண விருந்துக்கு ஒரு போத்தல் தேடி வந்தவருக்கோ முன்னது புளித்ததாகவும் பின்னது மருந்து நெடியாகவும் தோன்றலாம். இலாப ஆசையைத் துறந்தவனிடத்தும் தன் இரசனையைப் பிறர்மேற் சுமத்தும் ஆசை எஞ்சி நிற்கின்றது. எனவே சிபாரிசு செய்பவனின் முதற்கடமை கேட்டறிதலாகும்: எவருக்கு, எவ்வுணவோடு, எவ்வளவு பணத்துக்குள் என்பன தெரியாமற் கூறும் புகழுரை தற்புகழ்ச்சியே.

பெயருக்கு அடிமையாதல் மற்றொரு தடையாகும். பாரிசில் மதுக்கடை நடத்திய ஆங்கிலேயரான ஸ்ரீவன் ஸ்பறியர், 1976 மே 24 இல் பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மரைக் கொண்டு, பெயரை மறைத்துச் சுவைக்கும் போட்டியொன்றை நடத்தினார். சிவப்பு, வெள்ளை ஆகிய இரு பிரிவுகளிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னிய வைன்களே. நிபுணரின் நாவையும் ஒட்டுச்சீட்டு ஆளக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. தன் கடைக்கு வந்தோரையும் வாங்குமுன் சுவைத்துப் பார்க்கும்படி ஸ்பறியர் ஊக்குவித்தார். வாங்குபவனுக்குத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பை அளிப்பது சிபாரிசின் மிக உயர்ந்த வடிவமாகும்.

இனி, முன்னர் ஒத்திவைத்த தடையை நோக்குவோம். சுவீடனில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை, 1955 இல் அமைக்கப்பட்ட 'சிஸ்தெம்பொலாகெத்' என்னும் அரச நிறுவனத்திடமே பெரும்பாலும் உள்ளது. அதன் நோக்கம் மதுவின் தீங்கைக் குறைத்தல். கூடுதலாக வாங்குவோருக்கு அங்கு விலைக்கழிவு இல்லை. எந்த ஓர் உற்பத்தியாளருக்கும் சலுகை காட்டலாகாது. ஆயினும் எவ்வுணவுக்கு எது பொருந்தும் என்று ஊழியர் ஆலோசனை கூறுகின்றனர். அதிகம் விற்கவேண்டும் என்ற நோக்கம் இல்லாதவிடத்தும் சிபாரிசு நிலைக்கமுடியும் என்பதை இது காட்டுகின்றது. மதுவே தீது என்பாருக்கு இது முழு விடையாகாது. ஆனால் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளை விற்பவனின் கடமை குறைவதற்குப் பதிலாக மிகுகின்றது என்பதை இரு சாராரும் ஏற்பர். "இவ்வளவு போதும்", "விலை குறைந்த இதுவே உங்களுக்குப் பொருந்தும்", "இன்று வேண்டாம்" என்று சொல்லத் துணியாதவனின் "வாங்குங்கள்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

இவ்வுண்மை மதுக்கடையோடு முடிவதன்று. நோயாளிக்கு மருந்தைத் தேர்ந்தளிக்கும் வைத்தியருக்கும், மாணவருக்கு நூலைச் சுட்டும் ஆசிரியருக்கும் இஃது ஒக்கும். அறியாதவன் அறிந்தவனிடம் தன் தேர்வை ஒப்படைக்கும் ஒவ்வோரிடத்தும், அறிந்தவனின் சொல் ஓர் அடைக்கலப் பொருளாகின்றது. அடைக்கலப் பொருளைக் காப்பது போலவே அச்சொல்லையும் காத்தல் அவன் கடனாகும்.