பாதையில் கிடக்கும் தீங்கு

ஈமானின் கிளைகள் எழுபதுக்கும் அதிகமானவை என்றும், பாதையில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவது அவற்றுள் கடைசிக் கிளை என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். முள்ளையோ கல்லையோ அகற்ற நல்ல மனம் போதும். அந்தத் தீங்கு மண்ணுக்குள் மறைந்திருக்கும் மிதிவெடியாயின், நல்ல மனம் மட்டும் போதுமா?

போதாது என்பதே வடக்கின் மண் தரும் பாடம். 2002 யுத்தநிறுத்தத்தின் பின் அங்கு மனிதாபிமான மிதிவெடி அகற்றல் பரவலாயிற்று. முகமாலை போன்ற முன்னரங்குகளில் இரு தரப்பும் புதைத்தவை கிடந்தன. இராணுவம் பயன்படுத்தியவற்றுள் பாகிஸ்தானில் தயாரான பி-4 உண்டு. புலிகளின் ரங்கன்-99 அதனை ஒத்தது. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வெடிகள். மிதிப்பவர் எந்த இனம் என்று இரண்டுமே கேட்பதில்லை.

இவற்றை அகற்றப் பயிற்றப்படுவோருள் யுத்தத்தில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் உள்ளனர். அவர்களுக்கு அங்கு வீரம் போதிக்கப்படுவதில்லை. முகக்கவசத்தை இறக்கு, கருவியைச் சோதித்துப் பார், குறித்த எல்லைக்கு வெளியே கால் வைக்காதே, மேலிருந்து குத்தாதே, பக்கவாட்டில் மெல்லச் சுரண்டு, ஒலியெழுப்பியது ஆணியாயிருக்கும் என்று ஊகிக்காதே. நூறு ஆணிகளைத் தோண்டியெடுத்த பின்னும் நூற்றோராவது ஒலியை முதலாவதைப் போலவே அணுக வேண்டும். துணிச்சல்காரரைவிட ஒழுங்கு தவறாதவரையே இத்தொழில் நம்புகிறது.

இதனை வெறும் தொழில்நுட்பம் என்று ஒதுக்க முடியுமா? வேலை முடிந்த நிலத்தைப் பரிசோதகர் மீண்டும் பார்ப்பதுண்டு. எனினும் மாதிரிக்கு ஒரு பகுதியைப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். எஞ்சியது அகற்றியவரின் நேர்மையில் தங்கியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் மன்னார் மாவட்டத்துக்குத் திரும்பிய நம்மவர்கள், முன்பின் அறியாத ஒருவரின் உழைப்பை நம்பியே தம் காணிகளில் கால் வைத்தனர். அவர் எந்த ஊர், எந்த மதம் என்பதை அவர்கள் அறியார். மாலைக் களைப்பில் அவர் ஒரு சாண் நிலத்தைப் பாராமல் விட்டிருந்தால், என்றோ ஒரு பிள்ளையின் கால் அதற்கு விலையாகியிருக்கும். அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நமது நம்பிக்கை. ஆனால் வெடி நிய்யத்தைப் பார்ப்பதில்லை. பிறர் உயிர் தங்கியிருக்கும் வேலையில் இறங்குபவர் அதற்குரிய திறமையைத் தேடிப் பெறாவிட்டால், நிய்யத்து தூய்மையானது என்று சொல்வது சாக்குப்போக்காகிவிடும். திறமை பெற்றபின், பரிசோதகர் பாராத அந்த மண்ணையும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு வேலை செய்வதே இஹ்ஸான். பயிற்சி கையைப் பழக்குகிறது. யாரும் பாராத வேளையில் அந்தக் கையை நேராக வைத்திருப்பது ஈமான்.

2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. இனிப் புதைப்பதில்லை, புதைந்தவற்றை அகற்றுவோம் என்பது நாட்டின் வாக்கு. அதை நிறைவேற்றுவது ஒரு பர்ளு கிபாயா: சிலர் செய்தால் மற்றோரின் பொறுப்பு நீங்கும், எவருமே செய்யாவிடின் எல்லோரும் குற்றவாளிகள். வெயிலில் முழந்தாளிட்டு மண் சுரண்டும் பெண்கள் நம் எல்லோரின் பொறுப்பையும் சுமக்கின்றனர். அவர்களின் பயிற்சியும் பாதுகாப்பும் கூலியும் குறைந்துவிடாதிருக்கக் குரல் கொடுப்பதாவது நம்மால் இயல வேண்டும்.