காலிங் பெல்

ரிட்டையராகி எட்டு வருசமாச்சு. இன்னைக்கும் எங்கயாவது காலிங் பெல் சத்தம் கேட்டா வயித்தப் பிசையுது. பென்சன் வாங்கும் இந்த உடம்பு இன்னும் ஒரு மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறது.

1983இல் குரூப் 4 எழுதி ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டாம் வருசம் புது அதிகாரி வந்தார். நான் வைக்கும் கோப்பெல்லாம் சிவப்பு மையில் ‘மறுபடி எழுது’ என்று திரும்பி வரும். என்ன தப்பென்று இருக்காது. ஒருநாள் அதே வரைவைப் பக்கத்து சீட்டு நண்பர் தன் கையெழுத்தில் எழுதி, தன் பெயரில் அனுப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி மாறாமல் கையெழுத்தாகி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது: “கோட்டாவுல வந்தவனுக்கு இதுக்கு மேல என்ன வரும்?”

ஏச்சுப்பேச்சு நமக்குப் புதுசில்லை. சேரியில் பிறந்தவன் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் ஒரு வருசத்தில் நான் நிஜமாகவே தப்புப் பண்ண ஆரம்பித்தேன். நாலு தடவை கூட்டினால் சரியாக வரும் கணக்கு அஞ்சாவது தடவை தப்பாகும். என் கையையே நான் நம்பவில்லை. அவர் சொன்ன ஆளாகவே என்னை ஆக்கிவிட்டார். வீட்டில் மகன் ஒரு எழுத்தை மாற்றி எழுதியதற்கு அவனை அடித்தேன். “ஏங்க, ஆபீச ஆபீசுலயே விட்டுட்டு வரக்கூடாதா?” என்றாள் மனைவி. விடமுடியவில்லை.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம், ஆனால் அது பொதுப் பார்வையில் நடந்திருக்கவேண்டும். அதிகாரியின் அறைக்கோ கதவு உண்டு. ரகசியக் குறிப்பேட்டில் அவர் எழுதுவதும் நம் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பேட்டின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் தேவ் தத் வழக்கில் சொன்னது 2008இல்தான்.

நல்ல அதிகாரி வாய்த்தால் போதாதா என்று கேட்பார்கள். அம்பேத்கருக்கு வாய்த்திருந்தார். கொலம்பியாவில் படிக்க உதவித்தொகை தந்த பரோடா மன்னரிடம்தான் 1917இல் அவர் வேலைக்குப் போனார். மன்னர் நல்லவர். ஆனால் கீழே இருந்த சிப்பந்திகள் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டு, பொதுப் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, இரவு ரயிலேறி பம்பாய் திரும்பினார். நாற்காலிக்கு ஓர் அதிகாரம், சாதிக்கு ஓர் அதிகாரம். நாற்காலி நம்மிடம் இருந்தாலும் சாதி வந்து கோப்பை எறிகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், கீழே நிற்பவன் எங்கே போவான்?

எனக்கும் பிறகு ஒரு நல்லவர் வந்தார். “உட்காருப்பா” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கணக்கெல்லாம் சரியாக வந்தது. இப்போதும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அதே நாற்காலி, அதே பேனா. ஒரு டிரான்ஸ்பர் ஆர்டரில் வந்த மரியாதை இன்னொரு டிரான்ஸ்பர் ஆர்டரில் போய்விட்டது. அதுக்குப் பேரு உரிமையா?

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2005இல் நான் கண்காணிப்பாளர். என் மேசையிலும் ஒரு பெல். தொகுப்பூதியத்தில் கூட்டிப்பெருக்கும் பெண் ஒருநாள் தாமதமாக வந்தார். பெல்லை அடித்துக் கூப்பிட்டேன். “ஒங்களுக்கெல்லாம் இதுக்கு மேல என்ன வரும்?” என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே வார்த்தை, அதே இழுவை. அந்தம்மா எனக்கும் கீழே என்று ஊர் வைத்திருக்கும் சாதி. தலையைக் குனிந்தபடி, “பஸ் வரல சார்” என்றார்.

படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை மேடையில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். மிதிபட்டவனுக்கும் மிதிக்க ஒரு படி விட்டுவைத்திருக்கிறது சாதி. என் வாயில் பேசியது அந்தப் பழைய அதிகாரி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். வாய் என்னுது.

மறுநாள், “மன்னிச்சுக்கம்மா” என்றேன். “இருக்கட்டும் சார், நீங்க பெரியவங்க” என்றார். அதுதான் இன்னும் குத்துகிறது. ஏன் அப்படிக் கேட்டாய் என்று என்னைத் திருப்பிக் கேட்க அவருக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. நாளைக்கே வராதே என்றால் வரமுடியாது. என் வருத்தத்தால் அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களில் பலர் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். உட்காரத்தான் வேண்டும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு. கீழே நிற்கும் ஆள் உங்களைத் திருப்பிக் கேட்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால், உங்கள் நல்ல குணம் டிரான்ஸ்பர் வரைக்கும்தான்.

அன்றே பெல்லை எடுத்து டிராயருக்குள் போட்டேன். ஆளிருக்கும் இடத்துக்கு நானே எழுந்து போய்ப் பேசினேன். அந்தம்மாவின் வருகைப் பதிவேடு அப்போதும் என் கையில்தான் இருந்தது.