வாத்துக்கு என்ன எழுத்து?

காரணம் கேட்காமல் நாம் கீழ்ப்படிகிற முதல் கட்டளை அரிச்சுவடிதான். ‘அ’ என்ற ஒலிக்கு ஏன் இந்தச் சுழியும் இந்தக் கோடும் என்று கேட்டால், சொல்வதற்கு வாத்தியாரிடம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் அப்படி எழுதினார்கள். நீயும் அப்படியே எழுது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு சொல். அம்மா, ஆடு, இலை, ஈ. பார்ப்பதும் சொல்வதும் மறுபடி சொல்வதுமே குழந்தையின் வேலை.

இதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எழுத்து என்பது ஊர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதில் யோசித்துக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் சொல்லத்தான் வேண்டும், தெரியாதவர் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. முதல் புத்தகம் இப்படி இருந்துவிட்டால், உலகத்தில் உள்ள எல்லா அறிவும் இதே தினுசுதான் என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடலாம் அல்லவா? அச்சில் இருப்பது சரி, தன் தலையில் தோன்றுவது பிழை என்ற எண்ணத்தோடு பி.ஏ. வரைக்கும் போய்வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1980-ல் ஒரு படப் புத்தகம் வந்தது. மேரி எல்டிங், மைக்கேல் ஃபோல்ஸம் இருவரும் எழுதி, ஜாக் கென்ட் படம் வரைந்தது. பெயரிலேயே குறும்பு இருக்கிறது: ‘க்யூ என்றால் வாத்து’ என்று பொருள். அதில் ‘ஏ’ என்ற எழுத்துக்கு ஆப்பிள் கிடையாது, மிருகக்காட்சி சாலை. ‘பி’ எழுத்துக்கு நாய். ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டுப் புத்தகம் சும்மா இருந்துவிடும். யோசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் விடை கிடைக்கும். அங்கே இருப்பவை ‘அனிமல்ஸ்’, அதனால் ‘ஏ’. நாய் குரைப்பது இங்கிலீஷில் ‘பார்க்’, அதனால் ‘பி’. வாத்து ‘க்வாக்’ என்று கத்துகிறது, ஆகவே ‘க்யூ’.

புது யுக்தி என்று தோன்றும். உண்மையில் இது மிகப் பழசு. கொமேனியஸ் என்ற மொரேவியா தேசத்துக் கல்வியாளர் 1658-ல் நூரெம்பர்க் நகரில் ஒரு படப் பாடப்புத்தகம் அச்சிட்டார். குழந்தைகளுக்கென்று படங்களோடு வந்த முதல் பாடநூல் என்று பலர் அதைச் சொல்வதுண்டு. அதில் ‘ஏ’ எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பது காகம். அந்தப் பறவையின் பெயர் ‘ஏ’யில் தொடங்குவதால் அல்ல, அது ‘ஆ, ஆ’ என்று கரைவதால். ‘பி’க்கு ஆட்டுக்குட்டி, அதன் குரலுக்காக. காது கொடுத்துக் கேட்டால் எழுத்துக்கும் உலகத்துக்கும் ஒரு சம்பந்தம் தெரியும் என்று அந்தப் பெரியவர் நம்பினார் போலும்.

என் தங்கையின் பெண்ணுக்கு ஐந்து வயது. அவளிடம் இந்த வாத்துப் பக்கத்தைக் காட்டினேன். ‘க்யூ’ எழுத்துக்கு வாத்து, ஏன் சொல்லு பார்க்கலாம் என்றேன். கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் படத்தையே பார்த்தாள்.

“வாத்தெல்லாம் ஒண்ணு பின்னாலே ஒண்ணு போகும் மாமா. க்யூவிலே போகும்.”

பக்கத்தைத் திருப்பினேன். ‘க்வாக்’ என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. “அப்போ நான் சொன்னது தப்பா மாமா?” என்றாள். அடுக்களையிலிருந்து என் தங்கை, “புஸ்தகத்திலே அப்படித்தானேடீ போட்டிருக்கு!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தப்பா? வாத்துகள் வரிசையில் போவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். வாத்து ‘க்வாக்’ என்று சொல்வதாகக் கேட்பது இங்கிலீஷ்காரனின் காது. நம் வீட்டில் அது ‘குவா குவா’ என்று கத்தும். யோசித்துப் பார்த்தால் அச்சிட்ட விடைதான் ஒப்பந்தம். குழந்தை சொன்னது கண்ணால் கண்டது.

பிளேட்டோ எழுதிய ‘மீனோ’ என்ற உரையாடலில் ஒரு காட்சி வருகிறது. சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கூப்பிட்டு, இரண்டடிப் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து காட்டுகிறார். பரப்பு நாலு சதுர அடி. இதைப் போல் இரட்டிப்புப் பரப்பு வேண்டும், பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பையன் தயங்காமல் நாலடி என்கிறான். எண்ணிப் பார்த்தால் பதினாறு. பிறகு மூன்றடி என்கிறான். எண்ணினால் ஒன்பது. கடைசியில், எனக்குத் தெரியவில்லை ஐயா என்கிறான். அப்போது சாக்ரடீஸ் மீனோவிடம், இவனைக் குழப்பியதால் இவனுக்குக் கெடுதல் செய்துவிட்டோமா என்று கேட்கிறார். இல்லை என்பதுதான் அவர் கட்சி. தெரியாது என்பது தெரிந்த பிறகுதான் தேடத் தோன்றும்.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று, சாக்ரடீஸ் தம் அதிகாரத்தைக் கொண்டு பையனைத் திருத்துவதில்லை என்பது. கட்டங்களை அவனோடு சேர்ந்து எண்ணுகிறார். கோடுகளே அவனைத் திருத்துகின்றன. தன் பிழை தனக்கே தெரிகிறபோது அதில் அவமானம் கொஞ்சம்தான். ‘க்யூ’ வரிசையைப் பிழை என்று காட்ட அப்படி எந்தக் கோடும் கிடையாது. அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரமே இல்லை. அதைக் காட்டிக் குழந்தையை வாயடைப்பது ஊகம் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாசலில் கதவைச் சாத்துவது போல. நான் அவளிடம், “நீ சொன்னதும் சரிதான் அம்மா. இதை எழுதினவங்க நினைச்சது வேறே” என்றேன்.

இதைச் சொன்னதும் அவள் உற்சாகம் எல்லை மீறிவிட்டது. இன்னொரு பக்கத்தில், ஏன் என்று கேட்டதற்கு, “எனக்குப் பிடிச்சிருக்கு, அதனாலேதான்” என்றாள். அது காரணம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். எது சொன்னாலும் ‘சபாஷ்’ போடுகிற பெற்றோர்கள் இப்போது அதிகம். அதுவும் குழந்தையின் புத்தியை மதிக்காத ஒரு வழிதான். மறுக்கத் தகுந்ததை மறுத்தால்தானே ஒப்புக்கொண்டதற்கு மதிப்பு?

கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1987-ல் வெளியிட்ட ஓர் எழுத்துப் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தும் நாடக மேடையில் நின்று ஒரு துன்பத்துக்கு ஆளாகிறது. என்ன துன்பம் என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ‘ஏ’யின் மேல் பாறைகள் சரிந்து விழுகின்றன. புத்தகத்தின் விடை மலைச்சரிவைக் குறிக்கும் ‘அவலாஞ்ச்’. பனிமலையைப் பார்த்திராத மதுரைப் பையன் ‘ஆக்ஸிடெண்ட்’ என்பான். அவனுக்கு எந்தக் கணக்கில் மார்க்கைக் குறைப்பது?

என் சிநேகிதர் ஒருவர், ஆரம்பப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் சொன்னவர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். எழுத்தே தெரியாத பிள்ளையிடம் இந்த விளையாட்டுப் பலிக்குமா என்றார். பலிக்காதுதான். மூன்று வயதில் ‘க்யூ’வுக்கு வாத்து என்று சொன்னால், அது வாத்தைப் பார்த்துக் ‘க்யூ’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். ஊகிப்பதற்கும் கைமுதல் வேண்டும். ஒன்றும் தெரியாமல் ஊகிப்பது லாட்டரிச் சீட்டு. முதலில் ஒப்பந்தம், பிறகு விளையாட்டு. இந்த வரிசையில் எங்களுக்குள் தகராறு இல்லை. முதலாவதோடு படிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் தகராறு.

தமிழில் இது இன்னும் நன்றாகப் பலிக்கும் என்பது என் அபிப்பிராயம். ‘ழ’வில் தொடங்கும் சொல் நமக்கு இல்லை, ‘ண’விலும் ‘ள’விலும் இல்லை. ‘ங’ வந்தால் சங்கின் படத்தைப் போட்டு, எழுத்தைச் சொல்லின் நடுவில் தேடு என்று நம் அரிச்சுவடியே பாதி விடுகதை போட்டுவிடுகிறது. விடுகதைக்குப் பழகிய ஜனங்கள் நாம். ‘அ’ எழுத்துக்குப் பசு: கன்று ‘அம்மா’ என்று கூப்பிடுவதால். ‘ஆ’ எழுத்துக்குச் சூடான தோசைக்கல்: விரல் பட்டவர் சொல்லும் முதல் எழுத்து அதுதான். இப்படிப் பன்னிரண்டு உயிரையும் முடித்துவிட்டேன். ‘ஔ’வுக்கு மட்டும் ஔவையாரை விட்டால் வேறு கதி கிடைக்கவில்லை.

உயிர்மெய்யில் ‘வ’ வந்தபோது நிலாவைப் போட்டேன். வளர்வதாலா, வட்டமாக இருப்பதாலா, வானத்தில் இருப்பதாலா? மூன்றும் பொருந்துகின்றன. பதிப்பாள நண்பரிடம் காட்டி, இந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை வெறுமனே விட்டுவிடலாமா என்று கேட்டேன். “ஐயா, காலிப் பக்கம் இருந்தால் அச்சுப் பிழை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுவார்கள்” என்றார்.

“குழந்தைகளா?”

“குழந்தைகள் எங்கே வருவார்கள்? அப்பாமார்கள்தான்!”