நாலறிவு நண்டுக்கு வலிக்குமா?

ஓம் சரவணபவ. 

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்க படிஞ்சு கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நெட்டுக்குப்பத்துல அக்கா வீட்டைக் கழுவி விட போயிருந்தேன். அக்கா பையன் ஒரு பெயிண்ட் டப்பாவுல நண்டு ஒண்ணு எடுத்துட்டு வந்தான். உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். கால் மட்டும் மெதுவா அசையுது.

"மாமா, இதுக்கு வலிக்குமா?"

"அதுக்கு நாலறிவுதான்டா, ஒண்ணும் தெரியாது. தூக்கிப் போடு."

அவன் போடல. கழுவிக்கிட்டே இருந்தான். சாயங்காலம் அது செத்துப்போச்சு.

கந்த சஷ்டி விரதம் முடிச்சு மூணு வாரம் கூட ஆகல எனக்கு. ஆறு நாள் மீன், நண்டு தொடாம இருந்தவன் நான். "எல்லா உயிருக்கும் கருணை"ன்னு ஸ்டேட்டஸ் வேற. அப்போ அந்த "எல்லா உயிர்"ல நண்டு இல்லையா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

நாலறிவுன்னு வாயில வந்துச்சே, அது எங்கேர்ந்து வந்ததுன்னு தேடினேன். தொல்காப்பியம், மரபியல். நத்தை, சிப்பி வகைக்கு ரெண்டறிவு. கறையான், எறும்புக்கு மூணு. நண்டு, வண்டுக்கு நாலு. அந்த நாலு என்ன தெரியுமா? தொடு உணர்வு, சுவை, மோப்பம், பார்வை. அதாவது ஒரு உயிர் எதையெல்லாம் உணரும்னு எண்ணி வச்சிருக்காங்க. நான் அதையே "ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ல எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது.

இன்னைக்கு அறிவியல் இவங்க எல்லாரையும் முதுகெலும்பில்லாதவைன்னு ஒரே பேர்ல சொல்லுது. உலகத்துல இருக்கிற விலங்கு வகைகள்ல நூத்துக்கு தொண்ணூறுக்கும் மேல இவங்கதான்! உள்ளே போனா தனித்தனிக் குடும்பம். நண்டு, இறால், எறும்பு, தேனீ எல்லாம் கணுக்காலிகள். மட்டி, நத்தை, சங்கு, ஆக்டோபஸ் எல்லாம் மெல்லுடலிகள். பிரிட்டன்ல 2022-ல வந்த விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால், ஆக்டோபஸை உணர்வுள்ள உயிர்னே ஏத்துக்கிச்சு.

அந்த எண்ணெய் சமயத்துல என் போனுக்கு வந்த போட்டோ எல்லாம் கூழைக்கடாதான். பாவம், அதுவும் துடிச்சது. ஆனா சேத்துக்குள்ள வளை தோண்டி அலையாத்தி வேருக்குக் காத்து போக வைக்கிற நண்டையும், தண்ணியை வடிகட்டுற மட்டியையும் நான் நினைக்கவே இல்ல. கழிமுகத்துல கையால இறால் தடவிப் பிடிக்கிறவங்க வீட்டு அடுப்பே இந்த உயிர்களாலதான் எரியுது.

நம்ம முருகன்கிட்ட வாங்க. மயில், சேவல், பாம்பு, எல்லாத்துக்கும் முதுகெலும்பு உண்டு. ஆனா பஞ்சாமிர்தத்துல தேன் யார் கொடுத்தது? அவன் உடுத்துற பட்டு எந்தப் பூச்சி நூத்தது? பூஜையில ஊதுற சங்கு யாரோட வீடு?

இன்னும் ஒண்ணு. நம்ம திருவொற்றியூர்ல அவன் அப்பன் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் பூரா கவசம், கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூணு நாள்தான் கவசமில்லாத தரிசனம். புற்று கட்டுறது யாரு? மூணறிவு கறையான்! அந்த வருஷம் அந்த தரிசனம் பண்ணிட்டு, சில நாள்லயே "தூக்கிப் போடு"ன்னு சொன்னவன் நான்.

நண்டு சாப்பிடாதீங்கன்னு சொல்ல வரல. நாம கடலோரத்து ஜனம். சினை நண்டு வலையில வந்தா திருப்பி விடுற அண்ணன்களை நான் பாத்திருக்கேன். தேவைக்குப் பிடிக்கிறது வேற, சாகுறது கண்ணுக்கே தெரியாம இருக்கிறது வேற. ரெண்டாவதுதான் பாவம்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு என்ன தோணுது?

வர்ற கார்த்திகைக்கு அக்கா பையனையும் ஒற்றியூர் கூட்டிட்டுப் போறேன். அங்க வச்சு அவன் கேள்விக்கு சரியான பதில் சொல்லணும்.

"வலிக்கும்டா. நீ பண்ணினதுதான் சரி."

வேலும் மயிலும் துணை. முருகனுக்கு அரோகரா!